வெள்ளக் கதவும் சந்தனப் பொட்டும்

சுப்ரஜா வீட்டு ஃபிரிட்ஜ் தரையில் நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. வரதராஜபுரத்தில் அவளும் கணவன் அச்சுதனும் ஆசை ஆசையாய்க் கட்டிய வீட்டின் சமையலறையில், ஹாலோ பிளாக் கற்களின் மேல் ஏறி நின்றுகொண்டு அது வருகிறவர் போகிறவரையெல்லாம் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும். சுப்ரஜா ஆள் கொஞ்சம் குள்ளம். ஃப்ரீசரில் கை வைக்க வேண்டுமென்றால் அவளுக்கு ஸ்டூல் வேண்டும். ஆரம்பத்தில் ஐப்பசி பிறந்தால் ஏற்றுவார்கள், தை பிறந்தால் இறக்குவார்கள். ஒரு வருஷம் இறக்க மறந்து போயிற்று. "விடு, அடுத்த வருஷம் ஏத்தற வேலை மிச்சம்" என்றான் அச்சுதன். அன்றிலிருந்து அது அங்கேயேதான் நிற்கிறது.

அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கார்த்திகை மாதம் டி.வி.யில் 'தென்சென்னை புறநகர்' என்று சொல்லிவிட்டு ஒரு படகைக் காட்டுவார்களே, அந்தப் படகு போவது இவர்கள் தெருவில்தான். அதற்காக யாரும் ஊரைக் காலி செய்துவிடவில்லை. பீரோவின் கீழ்த்தட்டில் எதையும் வைப்பதில்லை, அவ்வளவுதான்.

அச்சுதனுக்கு மட்டும் பொறுமை போய்விட்டது. தாம்பரத்தில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்ப்பவன். ஆபத்து என்றால் தள்ளி நிற்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அதுவே அவனுக்குக் குணமாகவும் ஆகிவிட்டது. பெருங்களத்தூரில் புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளில் ஒன்றில் ஐந்தாவது மாடி ஃபிளாட் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான்.

"அங்க தண்ணி வரணும்னா லிஃப்ட்லதான் வரணும் சுப்பு."

"வீட்டை விட்டு நான் போகணுமா, தண்ணி போகணுமா? அதைச் சொல்லுங்க முதல்ல."

இப்படிக் கேட்பதோடு நிறுத்திக்கொள்கிற பெண்ணாக இருந்தால் அவளைப் பற்றி எழுத ஒன்றும் இருந்திருக்காது. சுப்ரஜா மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ராகவேந்திரா என்பவருடைய ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் டிசைனர். கம்பெனி செய்வது கிரில் கேட், ஷெட்டுக்குக் கூரைச் சட்டம், மாடிப்படிக்குக் கைப்பிடி. அதையெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது அவள் வேலை. வரைந்து முடித்த பிறகு, மிஞ்சிய அலுமினியத் துண்டுகளை வைத்துக்கொண்டு, ஃபிட்டர் ரங்கனையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, அவள் தனியாக ஒரு காரியம் செய்துகொண்டிருந்தாள். வெள்ளத்தைத் தடுக்கும் கதவு.

பெரிய ராக்கெட் ஒன்றும் இல்லை. இடுப்பளவு உயரத்துக்கு ஒரு அலுமினியப் பலகை. அதன் ஓரம் முழுக்கக் கறுப்பு ரப்பர் பட்டை. மழை வலுக்கிறது என்று தெரிந்ததும் பரணிலிருந்து இறக்கி, வாசல் நிலையோடு சேர்த்து வைத்துக் கைப்பிடிகளைத் திருகிவிட்டால் ரப்பர் நிலையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். டீ போடுகிற நேரத்தில் மாட்டிவிடலாம். வெளியே தண்ணீர் நிற்கும், உள்ளே நாம் நிற்கலாம். கழிவறை வழியாகத் தண்ணீர் எதிர்த்து வருமே என்று யாராவது கேட்டால், அதற்குத் தனியாக ஒரு வால்வு வைத்திருந்தாள். அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே பிறந்தவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு என்று அவளுக்குத் தெரியும்.

முதலாளி ராகவேந்திரா நல்ல மனிதர். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு வைப்பார். வியாழக்கிழமை காலையில் சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழுமாக அவர் பட்டறைக்குள் நுழைந்தால், லேத் மெஷினில் தொடங்கி வெல்டிங் செட், கம்ப்யூட்டர், தண்ணீர் கேன் வரைக்கும் ஒன்றும் தப்பாது. ஒருமுறை புதிதாக வந்த கைரேகை வருகைப்பதிவு மெஷினின் கண்ணாடிமேலேயே சந்தனத்தை அப்பிவிட்டார். அன்று பூராவும் மெஷின் யாரையும் அடையாளம் கண்டுகொள்ளாமல், கம்பெனி முழுக்க லீவு என்று கணக்கு காட்டியது. சொன்னால் வருத்தப்படுவாரே என்று யாரும் சொல்லவில்லை. இந்த மரியாதைதான் பின்னால் வினையாக வந்து நின்றது.

அப்படிப்பட்டவருக்கும் கதவு விஷயத்தில் ஒரு கட்டத்துக்கு மேல் கை கட்டிப் போயிற்று. கிரில் ஆர்டரே முடிக்க முடியாமல் பட்டறை திணறிக்கொண்டிருந்தது.

"மனசு கேக்கலம்மா. ஆனா மெஷின் ஃப்ரீயா இல்லையே! தாம்பரத்துல கட்டுமானக் கண்காட்சி வருது. ஸ்டால் எடுக்கறேன், உன் கதவை வை. ஒரே ஒரு கஸ்டமர் வேணும்னு சொன்னா போதும், கம்பெனி இதைச் செய்யும். யாரும் கேக்கலைன்னா இதை மூட்டை கட்டிடலாம். என்ன?"

சரி என்றாள். அன்று மாலை வீட்டில் அச்சுதனிடமும் அவளே வாயைக் கொடுத்துவிட்டாள். கண்காட்சியில் கதவு போகவில்லை என்றால் பெருங்களத்தூருக்கே போய்விடலாம், இனி மறுபேச்சு பேசமாட்டேன் என்று. சொன்ன பிறகுதான் எழுந்து வெளியே போய்ப் பார்த்தாள். வாசலில் அவள் வைத்த முருங்கை அப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருந்தது.

*

ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கண்காட்சி தொடங்கியது. வெள்ளிக்கிழமை என்றால் சுப்ரஜா வீட்டில் வேலை இரட்டிப்பு. விடிகாலையில் எழுந்து வாசல் தெளித்து, கோலம் போட்டு, நிலைக்கும் படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, விளக்கேற்றிவிட்டு, அச்சுதனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து தாம்பரம் வந்து சேர்ந்தாள்.

ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய மைதானத்தில் ஏ.சி. பந்தல். வாசலில் 'நாளைய வீடு' என்று பெரிய வளைவு. உள்ளே போனால் எதிர்காலம் ஸ்டால் ஸ்டாலாக உட்கார்ந்திருந்தது. ஒரு இடத்தில் ஒரு இயந்திரக் கை, முறுக்கு பிழிவதுபோல் சிமெண்டைச் சுற்றிச் சுற்றிப் பிழிந்து சுவர் எழுப்பியது. இன்னொரு இடத்தில் ரோபோ ஒன்று ஒரே சுவருக்குத் திரும்பத் திரும்ப வெள்ளையடித்தது. வெயிலைத் திருப்பி அனுப்பும் ஓடு, மணலே வேண்டாத பூச்சு, நீங்கள் பக்கத்தில் போனதும் மூடியைத் திறந்து வரவேற்கும் கழிவறைக் கோப்பை. மேடையில் ஒருவர் வரப்போகும் இருபது வருடங்களைப் பற்றி மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார். கேட்டவர்களில் பாதிப் பேர் இலவசப் பை எந்த ஸ்டாலில் தருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். சொந்தமாக ஒரு வீடு கட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு வந்த கூட்டம் அது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு ஸ்விட்ச் போர்டு முன்னால் நின்று மெல்லிய குரலில் பேசிக்கொள்வதைப் பார்த்தால் யாருக்கும் மனது நெகிழும்.

சுப்ரஜாவின் ஸ்டால் கடைசி வரிசையில், பேசும் பூட்டு விற்பவர்களுக்குப் பக்கத்தில். பூட்டு விடாமல் "வணக்கம், உங்கள் முகம் பதிவாகவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. இவளும் ரங்கனும் மார்பளவு உயரமான ஒரு கண்ணாடித் தொட்டியை இரண்டாகப் பிரித்து, நடுவில் ஒரு ஒடுக்கமான மர நிலைவாசலை நிறுத்தி, அதில் கதவை மாட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் தண்ணீர் நிரப்பினால் மறுபக்கம் காய்ந்தே இருக்க வேண்டும். அந்தப் பக்கத்துக்கு முன்னால் தாழ்ந்த விளிம்பு மட்டும்தான். காய்ந்த பக்கத்தில் அவள் அரிசி மாவில் கையகலக் கோலம் போட்டு, ஒரு பொம்மை நாற்காலியும் வைத்திருந்தாள்.

கூட்டம் வருவதற்கு முன்னால் அவள் எக்ஸ்டென்ஷன் பெட்டி தேடிப் போயிருந்த நேரம் பார்த்து ராகவேந்திரா வந்தார். வெள்ளை வேட்டி, கையில் கிண்ணம். வெள்ளிக்கிழமை, புதுச் சரக்கு, பொட்டு இல்லாமல் எப்படி? அலுமினியம் வழுக்கியது. கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்திருந்ததால் கறுப்பு ரப்பர் அழகாக, காலியாகக் கண்ணில் பட்டது. சந்தனத்தைக் குழைத்துக் கெட்டியாக வரிசையாய்ப் பொட்டுகள், அவற்றின் நடுவில் குங்குமம். கண்ணை மூடி வேண்டிக்கொண்டு போய்விட்டார். ரங்கன் வந்து கதவைத் தூக்கி மாட்டித் திருகினான். ரப்பர் உள்பக்கம் போய்விட்டதால் அவன் கவனிக்கவில்லை.

முதல் காட்சிக்கே நல்ல கூட்டம். சுப்ரஜா மைக்கைப் பிடித்து, "எங்க தெருவுல வருஷா வருஷம் தண்ணி வருது. உங்க தெருவுலயும் வருதுல்ல?" என்று தொடங்கியதும் போகிறவர்கள் நின்றார்கள். ரங்கன் குழாயைத் திறந்தான். தண்ணீர் ஏறியது. முழங்கால் அளவு, தொடை அளவு. மறுபக்கம் கோலம் அப்படியே இருந்தது. கைதட்டக்கூட இரண்டு பேர் கையைத் தூக்கிவிட்டார்கள்.

அப்போது நிலையின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று. குங்குமம் கரைந்து தண்ணீரோடு வழிந்து, காய்ந்த பக்கத்துத் தரையில் பரவி, நேராகக் கோலத்தின் மேல் ஏறியது. மாவு கரைந்தது. பொம்மை நாற்காலி மெல்ல மிதந்து திரும்பியது.

"அக்கா, ஒழுவுது கா!" என்று ரங்கன் கத்தினான். அவன் கத்தாமல் இருந்திருந்தால் பின்வரிசைக்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. எல்லோரும் ஃபோனை எடுத்தார்கள்.

"ரத்தமாம்மா அது?" என்று ஒருவர் கேட்டார். சிரிப்பு எழுந்தது. பக்கத்து ஸ்டால் பூட்டு தன் பங்குக்கு "உங்கள் முகம் பதிவாகவில்லை" என்றது. இன்னும் பலமாகச் சிரித்தார்கள். சுப்ரஜாவுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

ரங்கன் தண்ணீரை வடித்துக் கதவைக் கழற்றினான். ரப்பரை விரலால் தடவிப் பார்த்தான். "அக்கா, ரப்பர் மேல சந்தனம் கீது. காஞ்சி கல்லாட்டம் நிக்கிது. அதான் சந்து வுட்டுகிச்சு. சார்! இன்னா சார் இப்டி பண்ணி வச்சிக்கிற?"

ராகவேந்திரா கூட்டத்தின் ஓரத்தில், கிண்ணத்தை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. அவர்மேல் கத்த வேண்டும் என்று சுப்ரஜாவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கோபம் நியாயமான கோபம்தான். ஆனால் அந்த மனுஷர் நின்ற நிலையைப் பார்த்தாள். மைக்கை எடுத்து உண்மையையே சொன்னாள்.

"எங்க சார் ஆசையா பொட்டு வச்சிருக்கார். ரப்பர்ல வச்சுட்டார். துடைச்சிட்டு மறுபடி காட்டறேன், ஒரு அஞ்சு நிமிஷம் இருங்க."

துடைத்து, மாட்டி, நிரப்பினார்கள். இந்தமுறை ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆனால் கூட்டத்தில் முக்கால்வாசி இயந்திரக் கையைப் பார்க்கப் போய்விட்டது. மிச்சம் நின்றவர்களில் ஒரு அம்மாள் மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். பெயர் வேதா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பொழிச்சலூரில் ஆற்றுக்குப் பக்கத்தில் வீடு, தெரு நலச்சங்கத்துக்குச் செயலாளர்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஒரு சந்தேகம். எங்க வீட்டு நிலைக்கு நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசி குங்குமம் வைக்கறேன். கல்யாணமாகி வந்ததுலேர்ந்து வைக்கறேன். அது ஏறி ஏறி அடையா நிக்குது. அது மேல உன் ரப்பர் எப்படி ஒட்டும்?"

"மழை சமயத்துல மட்டும் வைக்காம இருங்களேன்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"அப்பதான் சார் சாமிய ஜாஸ்தி கும்பிடுவோம்" என்றார் டீச்சர்.

சுப்ரஜா குனிந்து தன் கையைப் பார்த்தாள். நகக்கண்களில் அன்று காலை பூசிய மஞ்சள் இன்னும் போகாமல் இருந்தது.

*

ஸ்டாலின் பின்பக்கம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அழவும் செய்தாள். அது யாருக்கும் தெரிந்ததோ இல்லையோ, பூட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும், ஏனென்றால் அவர்கள் கொஞ்ச நேரம் பூட்டை அணைத்து வைத்தார்கள்.

ராகவேந்திராவால் வந்த அவமானம்கூடப் பெரிதில்லை. அது துடைத்தால் போகிற பொட்டு. அவளைக் குடைந்தது வேறு. பட்டறையில் அவள் கதவைச் சோதித்ததெல்லாம் புத்தம்புது இரும்பு நிலையில். வீட்டில் ஒருமுறை மாட்டிப் பார்த்தாளே, அப்போது? நினைத்துப் பார்த்தாள். மாட்டுவதற்கு முன்னால் பெயிண்ட் தின்னரில் நனைத்த துணியால் நிலையை அவளே பளபளவென்று துடைத்திருக்கிறாள். மஞ்சள் அடை போகவில்லை என்று சுரண்டிக்கூட இருக்கிறாள். சுரண்டும்போது ஒரு கணமாவது தோன்றியிருக்க வேண்டாமா? வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசுகிற சுப்ரஜாவும் திங்கட்கிழமை கம்ப்யூட்டரில் வரைகிற சுப்ரஜாவும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இத்தனை காலமாக ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொள்ளவே இல்லை. நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வந்தது. அழுகையோடு சேர்ந்து வந்ததால் மூக்கடைத்துக்கொண்டது.

பந்தலுக்குள் இருக்கிற எதிர்காலம் மொத்தமும் மஞ்சள் பூசாத வீடுகளுக்காகச் செய்யப்பட்டதாக அப்போது அவளுக்குத் தோன்றியது. தன் கதவும் அதில் சேர்த்தி. யாருடைய வீட்டுக்கு இதைச் செய்தோம்? நிலையில் ஓட்டை போடவே நம் ஆட்கள் யோசிப்பார்களே. அப்படியிருக்க, நிலையைப் போய் ஏன் தொட வேண்டும்?

விளம்பரத் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு வரையத் தொடங்கினாள். நிலைக்கு வெளியே, ஒரு சாண் தள்ளி, சுவரிலேயே ஒல்லியாக ஒரு சட்டம். ரப்பர் இனிக் கதவில் இல்லை, சட்டத்துக்குள் ஒரு பள்ளத்தில் பதிந்து கிடக்கும். கதவு அந்தப் பள்ளத்தில் இறங்கி உட்காரும். வெயில் காலத்தில் பள்ளத்துக்கு மேலே ஒரு மூடி. மஞ்சள் கை பட்டாலும், தண்ணீர் தெளித்தாலும், சந்தனமே அப்பினாலும் மூடியோடு சரி. கீழே படிக்கு முன்னாலும் அப்படியே. நிலை நிலையாக இருக்கட்டும், படி படியாக இருக்கட்டும்.

தாளை எடுத்துக்கொண்டு எழுந்தபோது ராகவேந்திரா எதிரே நின்றார்.

"சுப்ரஜாம்மா, நான் ஸ்டாலை மூடச் சொல்லிடவா? என்னால உனக்கு..."

"கார் சாவி இருக்கா சார்?"

"இருக்கே. ஏன்?"

"திருமுடிவாக்கம் போகணும். நானும் ரங்கனும். கிரில் ஆர்டரை ரெண்டு நாள் நிறுத்தி வைங்க."

அவர் காரை எடுத்தார். பட்டறையில் அன்று மாலையும் மறுநாள் முழுவதும் வேலை நடந்தது. அலுமினியத்தை வளைப்பது சுலபமாக இருந்தது. மூலைதான் உயிரை எடுத்தது. பள்ளம் மூலையில் திரும்பும் இடத்தில் ரப்பர் மடங்கி மடங்கிச் சதி செய்தது. "இது ஒரே பேஜாரா கீது கா" என்று ரங்கன் இரண்டு தடவை சுத்தியலைக் கீழே போட்டான், இரண்டு தடவையும் அவனே எடுத்துக்கொண்டான். கடைசியில் மூலையை வளைக்காமல், இரண்டு பட்டைகளையும் சாய்வாக வெட்டி ஒட்டவைக்கலாம் என்று சுப்ரஜா சொல்ல, அது பிடித்துக்கொண்டது. ராகவேந்திரா பஜ்ஜியும் டீயும் வாங்கி வந்து வந்து வைத்துவிட்டு, எதையும் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

சனிக்கிழமை ஸ்டாலில் காலித் தொட்டியும் 'நாளை வாருங்கள்' என்ற அட்டையும்தான் இருந்தன. மாலையில், ஸ்டால் நோட்டில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்து அவள் வேதா டீச்சருக்கு ஃபோன் செய்தாள். "மேடம், நாளைக்கு வர முடியுமா? வரும்போது உங்க வீட்டு மஞ்சளே எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள். எத்தனை மணிக்கு என்று மட்டும் டீச்சர் கேட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் சொல்லி மாளாது. பந்தலுக்குள் கால் வைக்க இடமில்லை. அச்சுதனும் வந்து பின்வரிசையில் நின்றுகொண்டான். வெள்ளிக்கிழமை வீடியோவை ஆபீசில் யாரோ காட்டியிருந்தார்கள். வீட்டில் அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, பெருங்களத்தூர் என்ற பெயரையும் எடுக்கவில்லை. அந்த நாகரிகம் அவனிடம் உண்டு.

வேதா டீச்சர் தெருக்காரர்கள் நாலைந்து பேரோடு வந்தார். பித்தளைக் கிண்ணத்தில் மஞ்சள், சிமிழில் குங்குமம்.

சுப்ரஜா மைக்கில், "போன தடவை நான் மஞ்சளே படாத நிலையில காட்டினேன். அது தப்பு. நம்ம வீட்டு நிலை அப்படி இருக்காது. டீச்சர், உங்க வீட்டுல எப்படிப் பூசுவீங்களோ அப்படிப் பூசுங்க" என்றாள்.

டீச்சர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். கணக்கு டீச்சர் அல்லவா, ஒரு இடம் விடவில்லை. நிலையின் இரண்டு பக்கமும், படியும், மூலையும் மஞ்சளால் மெழுகினார். குங்குமத்தை வரிசையாக வைத்தார். கூட்டத்திலிருந்த பெண்களில் சிலர் தாங்களாகவே முன்னால் வந்து ஆளுக்கொரு பொட்டு வைத்தார்கள். "மாவிலை இல்லியா?" என்று ஒரு குரல் கேட்டது. ரங்கன், நிலைக்கு வெளியே புதிதாகப் பொருத்தியிருந்த சட்டத்தின் மூடியைக் கழற்றிக் கதவை இறக்கித் திருகினான். சுப்ரஜா காய்ந்த பக்கத்தில் புதிதாகக் கோலம் போட்டாள். அவசரத்தில் ஒரு புள்ளி கோணியது. அழித்துப் போட நேரமில்லை.

தண்ணீர் ஏறியது. முழங்கால், தொடை, இடுப்பு. ரங்கன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டிருந்தான். சுப்ரஜாவுக்கு நிலையின் ஓரத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை. அவள் டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் மெல்லக் குனிந்து, ஆள்காட்டி விரலால் கோலத்தைத் தொட்டார். விரலைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மாவு பொடியாக ஒட்டியிருந்தது.

"காஞ்சிருக்கு" என்றார்.

கைதட்டல் அப்புறம்தான் வந்தது. டீச்சர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. "இதோ பாரும்மா, முதல்ல எங்க வீட்டுல ஒண்ணு மாட்டு, மழைக்கு முன்னாடி. நிலையைத் தொடாம செஞ்சே பாரு, அதுக்காகவே வாங்கறேன். இந்த மழைக்கு அது நின்னுச்சுன்னா தெருவே வாங்கும். நான் வாங்க வைக்கறேன்" என்றார். கூட வந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். அவர் சொன்னால் தெருவே ஆட்டும் போலிருந்தது.

சுப்ரஜா திரும்பி ராகவேந்திராவைப் பார்த்தாள். ஒரே ஒரு கஸ்டமர் என்றுதானே சொன்னார்! அவர் கண் கலங்கி நின்றார். வேட்டி மடிப்புக்குள்ளிருந்து கிண்ணம் மெதுவாக வெளியே வந்தது.

"சுப்ரஜாம்மா... இப்ப ஒண்ணு வைக்கலாமா? எங்க வைக்கணும்னு நீயே சொல்லிடு."

"எங்க வேணும்னாலும் வைங்க சார்" என்றாள் சுப்ரஜா.

*

ஐப்பசி பாதியில் மழை பிடித்துக்கொண்டது. அதற்குள் பொழிச்சலூரில் டீச்சர் வீட்டிலும் வரதராஜபுரத்தில் இவர்கள் வீட்டிலும் சட்டம் ஏறியிருந்தது. ஒரு நாள் மத்தியானம் தெருமுனையில் தண்ணீர் தெரிந்தது. அச்சுதன் ஆபீசிலிருந்து நனைந்துகொண்டே ஓடிவந்து, அவளும் அவனுமாகக் கதவை மாட்டினார்கள். சாயங்காலம் முருங்கையின் அடித்தண்டு முழுகியது. வழக்கம்போல் பக்கத்து மாடி வீட்டுக்குப் போக ஒரு பையைக் கட்டி வைத்துவிட்டு, இருவரும் ஹாலில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றுமே வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு மூலையில் லேசாகக் கசிந்தது. பழைய துண்டு ஒன்றைப் போட்டு, நனைந்ததும் பிழிந்து பிழிந்து போட்டாள். அந்த மூலையை எப்படி மாற்ற வேண்டும் என்று பிழியும்போதே மனதுக்குள் வரைந்துகொண்டாள். டீச்சர் ஃபோனில் ஒரு படம் அனுப்பியிருந்தார். அவர் வீட்டு ஹாலில் போட்டிருந்த கோலம், பக்கத்தில் அவருடைய பாதம். கீழே 'காஞ்சிருக்கு' என்று ஒரு வார்த்தை.

தண்ணீர் வடிந்த மறுநாள் காலை, சமையலறையில் தடபுடலென்று சத்தம் கேட்டுச் சுப்ரஜா ஓடினாள். அச்சுதனும் பக்கத்து வீட்டுக்காரரும் ஃபிரிட்ஜைக் கட்டிப் பிடித்துக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். கற்கள் இருந்த இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது.

"மழை இன்னும் முடியலையே, கார்த்திகை முழுசா இருக்கு" என்றாள்.

"இருக்கட்டும்" என்றான் அச்சுதன், மூச்சு வாங்கிக்கொண்டே. "இந்தக் கல்லை என்ன பண்றது, அதைச் சொல்லு."

அவள் ஃபிரிட்ஜின் முன்னால் போய் நின்றாள். ஸ்டூலைத் தேடி ஒரு தரம் கால் தானாக நகர்ந்தது. பிறகு கையை நீட்டி ஃப்ரீசரைத் திறந்தாள்.

"அட, நீ இவ்வளவு உயரமா?" என்றான் அச்சுதன்.